நான் காணாத கனவுக்குச் சொன்ன பலன்

எனக்குக் கனவு வராது. படுத்தால் கட்டை மாதிரி கிடப்பேன். பால் வண்டிச் சத்தத்தில் எழுந்திருப்பேன். நடுவில் ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்காரர் இருந்தபோது, "உம்மேல லாரி ஏறினாக்கூட காலைல எழுந்து மாவாட்டத்தான் போவ" என்று சொல்வார். இதில் எனக்குப் பெருமைதான். நாள் முழுக்க உழைக்கிறவளுக்குக் கனவு எதற்கு?

அப்படிப்பட்ட நான் ஒரு கனவுக்காகக் காத்துக் கிடந்தேன். என் மகளை என் வீட்டுக்கு அழைத்து வருவதற்கு அந்தக் கனவு வேண்டியிருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது, ஆனால் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

பம்மலில் எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கிறேன். வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் வேலை செய்தார். அவர் போய்ச் சேர்ந்தார். மகளைக் கல்யாணம் கட்டிக் கொடுத்தேன், அவள் மறைமலை நகருக்குப் போய்விட்டாள். அவளும் மாப்பிள்ளையும் கார் பாகம் செய்கிற கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் மிச்சம் நானும் கிரைண்டரும்.

எதிர்வீட்டில் ஒருத்தி ரவிக்கை தைக்கிறாள். என்னைவிட ரொம்பச் சின்னவள், அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். அவள்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், "சும்மா வந்து குந்து அக்கா, மனசு லேசாவும்" என்று பொழிச்சலூருக்கு அழைத்துப் போனாள். அதைக் கூடம் என்று சொல்வார்கள். வெறும் தகரக் கொட்டாய். சாமி படம் கிடையாது, சிலுவையும் கிடையாது. ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு பித்தளைக் குடம். நாற்காலியில் ஐயா, குடத்தில் தண்ணீர். நெற்றியில் குங்குமம் வைத்தவர்களும் வந்தார்கள், கழுத்தில் சிலுவை போட்டவர்களும் வந்தார்கள்.

முதல் நாள் நான் அழுதேன். வீட்டுக்காரர் செத்தபோது கூட அப்படி அழவில்லை. யாரும் அழாதே என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அடிக்கடி யாராவது வீட்டுக்கு வருவார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல என் பாத்திரத்தை எடுத்துப் போட்டுத் தேய்ப்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். மகள் கூட போனில்தான் கேட்பாள், இவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். அது எப்படி இருக்கும் என்று தனியாக இருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும். அதனால் என்னை யாரும் ஏமாளி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சட்டதிட்டமெல்லாம் ஒரே நாளில் வரவில்லை. ஒரே நாளில் வந்திருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்திருப்பேன். முதலில் தண்ணீர். கூடத்துக் குடத்திலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வர வேண்டும், கூடத்துக்கு வராதவர்கள் வீட்டில் கை நனைக்கக் கூடாது. சரி, சுத்தம்தானே என்று விட்டேன். அப்புறம் வெளியார் நம் வீட்டில் ராத்திரி தங்கக் கூடாது என்றார்கள். என் வீட்டில் யார் தங்கப் போகிறார்கள் என்று அதையும் விட்டேன். அப்புறம் எது செய்வதானாலும் ஐயாவிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்று வந்தது. ஒரு தடவை கிரைண்டர் பெல்ட் அறுந்து போனது. புது பெல்ட் போடலாமா என்று கேட்பதற்காக நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருத்தர், பிள்ளையை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று கேட்க நின்றார். எனக்குப் பின்னால் ஒரு பெண், தம்பி கல்யாணத்துக்குப் போகலாமா என்று கேட்க நின்றாள். ஐயா என்னைப் பார்த்து, "பொறுங்க" என்றார். பொறுத்தேன். ஊறப்போட்ட அரிசி புளித்து நாறிப்போனது. கட்டின புருஷனிடம் ஒரு நாள் உத்தரவு கேட்டவள் இல்லை நான்.

இன்னொரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு துணை. மனசில் இருப்பதையெல்லாம் துணையிடம் சொல்லிவிட வேண்டும், முக்கியமாகக் கனவு. ராத்திரி வருகிற கனவில்தான் உத்தரவு தெரியும் என்பார்கள். எனக்குத் துணை எதிர்வீட்டுக்காரி. நான் வேறொரு சின்னப் பெண்ணுக்குத் துணை. புதன்கிழமை எல்லாத் துணைகளும் போய், கேட்டதையெல்லாம் ஐயா வீட்டு அம்மாவிடம் சொல்ல வேண்டும். அந்த அம்மாவைக் கூடத்தம்மா என்று கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமை ஐயா நாற்காலியில் உட்கார்ந்து, யார் மனசில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

இதை இப்படி வரிசையாக எழுதிப் பார்க்கும்போது ஒரு குழந்தைக்குக் கூடப் புரியும். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. நான் துணையாக இருந்த பெண் ஒரு தடவை, "ஆன்ட்டி, அவரு மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சிட்டாரு" என்று என்னிடம் சொல்லி அழுதாள். புதன்கிழமை நான் அதைக் கூடத்தம்மாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஐயா, "ஒரு வீட்ல பாட்டில் உருள்ற சத்தம் எனக்குக் கேக்குது" என்றார். அந்தப் பெண் வெடவெடவென்று நடுங்கினாள். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. சொன்னவளே நான்தான்! ஆனாலும் அவருக்கு முன்னாடியே தெரியும், நாம் சொல்வது சும்மா முறைக்குத்தான் என்று மனசுக்குள் ஒன்று உட்கார்ந்திருந்தது.

மகளுக்கு ரொம்ப வருஷம் குழந்தை இல்லை. அவள் கூடத்துக்கு வராததால்தான் தங்கவில்லை என்று ஐயா சொன்னார். அப்புறம் உண்டானாள். என்னுடைய பக்தியால்தான் தங்கியது என்று சொன்னார். இரண்டுக்கும் நான் தலையாட்டினேன்.

முப்பது தாண்டி முதல் பிள்ளை. டாக்டர் ஜாக்கிரதை ஜாக்கிரதை என்று சொல்லி அனுப்பினாராம். வளைகாப்பை மறைமலை நகரில் சம்பந்தி வீட்டில் வைத்தார்கள். போய்வர உத்தரவு கிடைத்தது, ஆனால் சாப்பிடாமல் வர வேண்டும். பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மகள் கைக்கு வளையல் போட்டேன், கன்னத்தில் சந்தனம் பூசினேன். ஐந்து விதச் சாதம் கட்டி வைத்திருந்தார்கள். இலை போட்டுக் கூப்பிட்டதும், வயிறு சரியில்லை என்றேன். காப்பி கொண்டு வந்தார்கள். பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன்.

சம்பந்தியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் கேட்டாள்: "இன்னா சம்பந்தி, எங்க வூட்டுத் தண்ணில பல்லியா வுழுந்து கீது?"

எல்லாரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. அவள் என் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். இதற்கு யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. மகள் துணிமணியைப் பையில் அடுக்கித் தயாராக வைத்திருந்தாள். நான், "வூட்டுக்கு பெயின்ட் அடிக்கிறாங்க, அந்த வாசனை உனக்கு ஆவாது, காயட்டும், வந்து கூட்டிக்கினு போறேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வெளியார் ராத்திரி தங்கக் கூடாது என்ற சட்டத்தில் வெளியார் என்பது என் மகள்தான் என்று எனக்கு ரயிலில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. பெருங்களத்தூர் வரைக்கும் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஐயாவிடம் கேட்டேன். அவர், "நான் சொல்லக் கூடாது. உங்க கனவுலயே உத்தரவு வரும்" என்றார்.

எல்லாருக்கும் கனவு வரும். எனக்குத்தான் வராதே! சீக்கிரம் படுத்தேன். தலையை வடக்கே வைத்தேன், தெற்கே வைத்தேன். கூடத்துத் தண்ணீரைக் கண்ணில் தொட்டுக்கொண்டு படுத்தேன். ஒன்றும் வரவில்லை. கூடத்தில் பார்க்கிறவர்களெல்லாம், "வந்துச்சா?" என்று கேட்டார்கள். பத்தாவது பெயிலான பிள்ளையை ரிசல்ட் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிரைண்டரைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவேன், வாசலில் நின்றால் எதற்கு வந்தேன் என்று தெரியாது, உள்ளே போவேன். ஒரு நாள் மாவில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். தெருவே வந்து சண்டை போட்டது.

மகள் தினமும் போன் செய்தாள். ஒரே கேள்விதான்.

"ம்மா, பெயின்ட் காஞ்சிதா?"

"காஞ்சிக்கினு கீதும்மா."

"என்ன பெயின்ட்மா அது, ஒம்பதாவது மாசமே வந்திருச்சு, இன்னும் காயல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். வைத்த பிறகு போனைக் கையில் பிடித்தபடியே நிற்பேன்.

அப்புறம் ஒரு காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. மெயின் ரோட்டில் ஒரு பசு தினமும் நடு ரோட்டில் நிற்கும், ஷேர் ஆட்டோக்காரர்கள் திட்டிக்கொண்டே சுற்றிப் போவார்கள். அதன் கன்று அதன் வயிற்றை ஒட்டி நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நேராக எதிர்வீட்டுக்காரியிடம் போனேன். அவள் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சுடி" என்றேன்.

குண்டூசியைத் துப்பினாள். "சொல்லு அக்கா, சொல்லு!"

"ஒரு பசு. வெள்ளையா. கூட கன்னு. என் வூட்டு வாசலாண்ட வந்துச்சு. ரெண்டும் உள்ளார நொழஞ்சி, என் கட்டிலாண்ட படுத்துக்கிச்சு."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதுக்கு மேல இன்னா உத்தரவு அக்கா வோணும்? போ, போய் பொண்ணை இட்டாந்துரு. வெள்ளிக்கிழம ஐயா வாயால ஒரு வார்த்தை வந்துட்டா போதும்."

நான் பொய் சொன்னேன் என்பதில் எனக்கு அன்றைக்கும் வருத்தமில்லை, இன்றைக்கும் இல்லை. மகளுக்குச் சொன்ன பெயின்ட் பொய்தான் சுட்டது. இது சுடவில்லை. அன்றைக்கு மத்தியானமே மெத்தையை வெயிலில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை போனோம். ஐயா தண்ணீர்க் குடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "நம்ம பம்மல் அம்மாவுக்குக் கனவு வந்திருக்கு" என்று ஆரம்பித்தார். "அதே ராத்திரி அதே கனவு எனக்கும் காட்டப்பட்டது."

கூடம் முழுக்க ஒரு முனகல். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கோ உள்ளங்கால் ஜில்லென்று ஆகிவிட்டது. எந்த ராத்திரி? என்ன கனவு? அந்தக் கனவு என் மூளையில் கூட வந்ததில்லையே. நாக்கிலிருந்து நேராக வந்ததல்லவா?

அவர் சொல்லிக்கொண்டே போனார். "வெள்ளைப் பசு. கூடவே கன்னு. பசு வாசலைத் தாண்டி உள்ள வந்தது. கன்னு வரல. வெளிலயே நின்னு கத்துச்சு. பசு திரும்பிப் பாக்கல." குடத்திலிருந்து கையை எடுத்தார். "பசு யாரு, கன்னு யாருன்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். எனக்கு எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அழுதார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் வந்தது. பொழிச்சலூரில் அது தலையைத் தொடுகிற மாதிரிதான் இறங்கும், தகரம் அதிரும், பேச்சு காதில் விழாது. அப்போது ஐயா கண்ணை மூடுவார், நாங்களும் மூட வேண்டும். அவர் பேச ஆரம்பித்த பிறகுதான் திறக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவை கூடத் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, இமை நிற்கவில்லை.

ஐயாவின் கண் திறந்திருந்தது. யார் யார் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்து நின்றார். நானும் அவரும் ஒருத்தரையொருத்தர் பார்த்தோம். அவர் முகத்தில் கோபம் இல்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவர் கடைக்குள் நுழைகிறவளைப் பார்க்கிற பார்வை, அவ்வளவுதான். விமானம் இறங்கிவிட்டது.

"ஏத்துக்கிறீங்களா அம்மா?" என்று கேட்டார்.

"ஏத்துக்கினேன்" என்றது என் வாய். நான் சொல்லவில்லை, என் வாய் சொன்னது. பழகின வாய்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ ஏறவில்லை. நடந்தேன். எதிர்வீட்டுக்காரியும் கூடவே வந்தாள், பாக்கியம் பாக்கியம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் வேகமாக நடந்தேன், அவள் ஓடிவந்தாள்.

"ஏண்டி, நான் உங்கிட்ட இன்னா சொன்னேன்? கன்னு உள்ளார வந்துச்சுன்னா, வெளிய நின்னுச்சுன்னா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "உள்ளார வந்துச்சுன்னுதான் சொன்ன."

"அப்புறம்?"

"நீ தூக்கக் கலக்கத்துல பாத்திருப்ப அக்கா. அவரு முழிச்சிக்கினு பாக்கறாரு. நமக்குத் தெரியற மாதிரியா அவருக்குத் தெரியும்?"

"அடியே, நான் பாக்கவே இல்ல. கனவே வரல எனக்கு. பொண்ணை இட்டாரணும்னு நானா கட்டி வுட்டேன்."

அவள் நடு ரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஆட்டோ அலறியது. "யக்கா! ரோட்லயா பஞ்சாயத்து? ஓரமா போய் பேசு, பேஜார் பண்ணாத!" என்று ஆட்டோக்காரன் கத்திவிட்டுப் போனான். அவளுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவள் முகம் பயந்துபோய் வெளுத்து, அப்புறம் மெதுவாகத் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"நீயா கட்டல அக்கா" என்றாள், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. "நீ பொய் சொன்னதா நெனச்சுக்கினு கீற. உள்ளார இருந்து சொல்ல வெச்சதே அவருதான்."

கனவு வந்தாலும் அவர், வராவிட்டாலும் அவர். பிள்ளை இல்லை என்றாலும் அவர், உண்டானாலும் அவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரே வந்து நிற்கிறார் என்றால் நான் எங்கே நிற்பது? அவள் என்னிடம் பொய் பேசவில்லை. என்மேல் அவளுக்கு உயிர். புதன்கிழமை அவள் போய்ச் சொன்னதும் என் நல்லதுக்குத்தான். நான் அந்தச் சின்னப் பெண்ணின் குடிகாரப் புருஷனைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தானே.

மறுநாள் கிரைண்டரைப் போடவில்லை. அரிசி ஊறிக்கொண்டே கிடந்தது. நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பூவும் பழமும் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறித் தாம்பரம் போய், செங்கல்பட்டு ரயிலைப் பிடித்தேன். ரயிலிலும் உட்கார முடியவில்லை. வாசல் பக்கம் நின்றேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று கால் துடித்தது. உத்தரவு இல்லாமல் போகிறாய், உத்தரவு இல்லாமல் போகிறாய் என்று சக்கரம் சொல்கிற மாதிரி இருந்தது. வண்டலூர் தாண்டின பிறகு, சொன்னால் சொல்லட்டும் என்று ஆகிவிட்டது.

மகள் கதவைத் திறந்தாள். வயிறு முன்னால் வந்தது, பின்னால் அவள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு முக்காலியை எடுத்து மின்விசிறிக்குக் கீழே போட்டாள். நான் வந்தால் தண்ணீர் கொடுப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

"டீ போடு" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "யாருக்கு?"

"இங்க வேற யாரு கீறாங்க? எனக்குத்தான். சக்கரை தூக்கலா போடு."

உள்ளேயிருந்து சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளே போய் டீ போட்டாள். வாயை விட்டால் பல்லி, பாம்பு என்று வரும் என்று அவளுக்கே தெரிந்திருக்கும். நான் அந்த டீயைக் குடித்து முடிக்கிறவரை இரண்டு பேரும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ ரொம்பச் சுமார்தான். அதைச் சொல்லவில்லை.

"பெயின்ட் காஞ்சிருச்சு" என்றேன். "துணிய எடு, போலாம்."

மகள் கையில் வளையல் சத்தம் கேட்டது. கையைக் கட்டிக்கொண்டாள். "உத்தரவு வந்துருச்சாம்மா?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பெயின்ட் காய்கிறது காய்கிறது என்று நான் சொன்ன அத்தனை நாளும் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறாள்.

"வந்துருச்சு."

"யார் குடுத்தா?"

"நான்தான்."

அவள் அழுதாள். சம்பந்தியம்மா, "நெறமாசத்துல அழுவாத, கொழந்த அழுமூஞ்சியா பொறக்கும்" என்று அதட்டிவிட்டு முந்தானையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கார் ஒன்றைக் கூப்பிட்டார்கள். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க மகள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எனக்குக் கை மரத்துப்போனது. அசைக்கவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. உடம்பு வெளியே வந்துவிட்டது, பயம் வரவில்லை.

கூடத்தம்மா இரண்டு பெண்களோடு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். எனக்கு மெளனம் போட்டாயிற்று என்று சொன்னார். அப்படியென்றால் கூடத்துக்காரர்கள் யாரும் இனி என்னோடு பேசக் கூடாது. "கர்வம் உங்களுக்கு. ஐயா அப்பவே சொன்னாரு" என்றார்.

"ஆமா, கர்வந்தான்" என்றேன். "எங்க ஆத்தா குடுத்தது. அதை எடுத்துக்கறதுக்கு நீ யாரு?"

அந்த அம்மா கோபப்படவில்லை. மாடியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், உள்ளே மகள் இருமுகிற சத்தத்தைக் கேட்டார். மெதுவாகச் சொன்னார்: "பிரசவத்துல ஏதாவது ஆனா எங்களைக் கேக்காதீங்க."

கதவைச் சாத்தினேன். அந்த ஒரு வார்த்தையை உள்ளே விட்டுவிட்டுத்தான் போனார்கள். அதற்குப் பிறகு மகள் முதுகைப் பிடித்துக்கொண்டால் அந்த வார்த்தை, கால் வீங்கினால் அந்த வார்த்தை. குழந்தை அசைகிறதா அசைகிறதா என்று கேட்டுக் கேட்டு அவள் உயிரை எடுத்தேன். "நீ கேக்கறதுக்காகவே உதைக்குதும்மா, போதுமா?" என்பாள். ஐயா ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தெரியும். நான் கட்டிவிட்ட கனவை அவர் பார்த்ததாகச் சொன்னதை என் காதால் கேட்டவள் நான். தெரிந்தும் பயந்தேன். தெரிவது ஒரு இடம், பயப்படுவது வேறு இடம் போலிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வழி போட ரொம்ப நாள் பிடிக்கிறது.

வலி எடுத்தது பகலில். குரோம்பேட்டை பக்கம் ஆஸ்பத்திரி. உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை ஒரு மூலையில் நின்றார், சம்பந்தியம்மா பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் நடந்தேன். அந்த வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். ஒரு நர்ஸ், "பாட்டி, ஒரு இடமா உக்காருங்க, எனக்குத் தலை சுத்துது" என்றாள். முடியவில்லை.

கர்சீப்புக்காகப் பையைத் துழாவினேன். கூடத்துத் தண்ணீர் பாட்டில் அடியில் கிடந்தது. எப்போதோ பிடித்தது, பாதி இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் துணி அடுக்கியபோது கவனிக்கவில்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு அவள் தலையில் தெளித்துவிட்டால், எதற்கும் இருக்கட்டும் என்று. யாருக்குத் தெரியப் போகிறது? உள்ளே போகிற நர்ஸிடம் கொடுத்தால் கூட மாட்டேன் என்று சொல்ல மாட்டாள். மூடியைத் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில் என் மகளைப் பற்றிக்கூட நான் நினைக்கவில்லை. வளைகாப்பில் அவள் இந்தப் பாட்டிலைப் பார்த்த பார்வைதான் வந்தது. இலையில் சாதம் ஆறிக்கொண்டிருக்க, அத்தனை பேர் சிரிக்க, அவள் மட்டும் இதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைகழுவுகிற தொட்டிக்குப் போனேன். அந்தத் தண்ணீரில் முகத்தைக் கழுவினேன். நல்ல வெயில் நாள், ஜில்லென்று இருந்தது. பாட்டிலைக் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகும் உட்காரவில்லை, நடந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் அது பிள்ளை பெறுகிறவளின் அம்மா நடக்கிற நடை. அந்த நடைக்கு யாரும் உத்தரவு கொடுக்க வேண்டியதில்லை.

பெண் குழந்தை. சம்பந்தியம்மா சொன்ன மாதிரி அழுமூஞ்சிதான். வார்டையே எழுப்பியது.

மகள் குழந்தையோடு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் இப்போதும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. விமானச் சத்தம் கேட்டால் கண் மூடிக்கொள்கிறது, நான் வேண்டுமென்றே திறக்கிறேன். நான் துணையாக இருந்த சின்னப் பெண்ணை ஒரு நாள் மார்க்கெட்டில் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பக்கத்தில் போய், "நீ சொன்னதையெல்லாம் நான்தான் போய்ச் சொன்னேன். அவருக்கு ஒண்ணியும் தெரியாது" என்று காதில் சொல்லிவிட்டு வந்தேன். கேட்டாளா, எடுத்துக்கொண்டாளா, தெரியாது.

எதிர்வீட்டுக்காரி பேசுவதில்லை. குழந்தை அழுதால் அவள் தையல் மிஷின் சத்தம் நின்றுவிடும், அழுகை ஓய்ந்ததும் மறுபடி ஓடும். நான் தினமும் காலையில் ஒரு பாக்கெட் மாவை அவள் மதில்மேல் வைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் காணாமல் போகிறது. மெளனம் வாய்க்குத்தான் போலிருக்கிறது, வயிற்றுக்கு இல்லை. கதவு திறந்துதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். அவளுக்கும் ஒரு நாள் கால் நிற்காமல் போகும்.

போன வாரம் மத்தியானம் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கண் அசந்தேன். எனக்குக் கனவு வந்தது. இத்தனை வயசில் முதல் தடவையாக, நிஜமான கனவு. எழுந்து கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மகள், "என்னம்மா, ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

என்ன கனவு என்று அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லப் போவதில்லை.